ஆடாத சைலன்ஸர்

ஒரு மனிதனின் யோக்கியதையை அறிய அவனோடு பத்து வருடம் பழக வேண்டியதில்லை, அவன் வண்டியின் சைலன்ஸரைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்த்தால் போதும் என்பது பல் டாக்டரின் கண்டுபிடிப்பு. ஆடினால் அவன் வாழ்க்கையே ஆட்டம் கண்டது என்று பொருள். ஆடாவிட்டால் அவனை நம்பிப் பெண் கொடுக்கலாம், ஓட்டுப் போடலாம், சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வெளியூர் போகலாம்.

இந்த உண்மையை அவர் தன் கிளினிக்கில் தினமும் இருபது பேருக்கு விளக்கினார். இருபது பேர் வாயிலும் பஞ்சு, கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய் என்று ஏதாவது இருந்தபடியால் யாரும் மறுத்துப் பேசியதாகத் தகவல் இல்லை. பதினெட்டு வருடமாக எதிர்வாதம் கேட்காத மனிதர் அவர். அப்படிப்பட்ட ஒருவரிடம் தன்னம்பிக்கை எந்த அளவில் இருக்கும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

வண்டி என்றால் கார் அல்ல, கார்ட். நாலு குட்டிச் சக்கரங்கள், இரும்புக் குழாய்களை வளைத்துச் செய்த ஒரு சட்டம், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு இருக்கை, அதன் பக்கத்திலேயே நூற்றிருபத்தைந்து சிசி எஞ்சின், ஆறு கியர். கூரை, கதவு, சஸ்பென்ஷன் எதுவும் கிடையாது. ஓட்டுபவருக்குப் புத்தியும் கிடையாது என்று டாக்டரின் மனைவி சேர்த்துக்கொள்வார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள டிராக்கில், பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கும் பதினோரு பேர் இதில் உட்கார்ந்து பதினாலு சுற்றுப் பந்தயம் ஓட்டினார்கள்.

பதினோரு பேரில் டாக்டரின் மைத்துனனும் ஒருவன். மனைவியின் தம்பி. லிப்ட்களைப் பராமரிப்பது அவன் வேலை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லிப்டின் கம்பி வடத்தை, தேதி வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கழற்றிப் புதிது மாட்டுகிறவன். இரண்டு கார்ட்டும் டாக்டர் வீட்டு கராஜில்தான் நின்றன. வீட்டம்மாவின் கார் வெளியே மழையில் நின்றது.

எஞ்சின் விஷயத்தில் மாமன் மச்சான் இருவரும் இரண்டு கட்சி. டாக்டர் வாங்கியது பந்தயத்துக்கென்றே செய்த எஞ்சின். வேறு எதற்கும் உதவாது. நிதானமாகப் போகச் சொன்னால் இருமும். மேலே மேலே முறுக்கினால்தான் உயிர் வரும், வந்த உயிரும் ஐந்தாறு மணி நேரத்தில் பிஸ்டனைத் தின்றுவிடும். மைத்துனன் வாங்கியது மண்மேட்டில் தாவும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய எஞ்சின். நேர்ப்பாதையில் கொஞ்சம் மந்தம். ஆனால் வருடத்துக்கு ஒரு பிஸ்டன், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவோடு சரி.

"மாப்ள, இது சேத்துல உருண்ட எஞ்சின்டா. இதைக் கொண்டுவந்து ரேஸ்ல விடறியே, அதுக்கே கூச்சமா இருக்கும்."

"இருக்கும் அத்தான். ஆனா கூச்சத்தோட ஓடி முடிச்சிடுது."

தன் எஞ்சினுக்கு ஆகும் செலவை டாக்டர் பணமாகச் சொல்வதில்லை. பணமாகச் சொன்னால் நெஞ்சு அடைத்தது. ஒரு பிஸ்டன் மூன்று ரூட் கெனால். கிளட்ச் தகடுகள் நாலு பல் அடைப்பு. புது சைலன்ஸர் என்றால் முழு வாய்க்கும் கம்பி கட்ட ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை வர வேண்டும். அந்த வருடம் வீதியில் போகிறவர்கள் சிரித்தால் டாக்டர் ஆசையோடு அவர்கள் வாயைப் பார்த்தார்.

இனி சைலன்ஸர். இந்த எஞ்சின்களுக்கு அது வெறும் புகை போகிற வழியல்ல. நடுவில் வயிறு பெருத்து இரண்டு முனையும் ஒடுங்கிய, மெல்லிய தகட்டில் செய்த குழாய். எஞ்சினின் பலத்தில் பாதி அதன் வயிற்றில்தான் இருக்கிறது, ஓட்டை விழுந்தால் அந்தப் பாதி போய்விடும். மைத்துனன் அதை எஞ்சின் வாயில் இரண்டு ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டி, அடியில் ரப்பர் கட்டைமேல் உட்கார வைத்திருந்தான். தொட்டால் லேசாக ஆடும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவான். டாக்டர் அதை வேடிக்கை பார்ப்பார்.

"என்ன மாப்ள, ஊஞ்சல் கட்டி விட்டிருக்க? தூங்கிடுச்சா?"

"தூங்கலை அத்தான். உடையாம இருக்கு."

"ஆடுற பல்லை நான் ரப்பர் வெச்சு, ஸ்பிரிங் போட்டுத் தாலாட்டினா விளங்குமா? ஆடுறது எதுவா இருந்தாலும் இறுக்கணும். இல்ல பிடுங்கணும். மருத்துவம் அவ்வளவுதான்."

டாக்டர் தன் வண்டியில் ரப்பரைப் பிடுங்கினார், ஸ்பிரிங்கைப் பிடுங்கினார். குழாயின் வாயை இரும்புப் பட்டையால் எஞ்சினோடு சேர்த்து இறுக்கினார். வயிற்றுப் பக்கம் ஒரு இரும்புத் துண்டை வைத்து வண்டிச் சட்டத்தோடு ஒட்டிவிடச் சொல்லி வெல்டரிடம் கொண்டுபோனார். வெல்டர் டிராக்குக்குப் பக்கத்திலேயே பட்டறை வைத்திருந்தவர். பந்தய நாட்களில் ஒரு மரத்தடியில் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"டாக்டரே, வளைவுல திரும்பும்போது இந்தச் சட்டம் முறுக்கிக்கும். எஞ்சின் ஒரு பக்கம் அதிரும். ரெண்டுக்கும் நடுவுல இதை இப்படி அறைஞ்சு வெச்சா எங்க போகும் பாவம்? கொஞ்சம் அசைய இடம் விடுங்க."

"நான் உங்க கிட்ட யோசனை கேக்கலைங்க. வெல்டிங் கேட்டேன்."

வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு ஒட்டிக் கொடுத்தார். டாக்டர் குழாயைப் பிடித்து ஆட்டினார். வண்டியே ஆடியது, குழாய் ஆடவில்லை. ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் பந்தயத்தில் ஒன்பதாவது சுற்றில் குழாய் விரிசல் விட்டது. எஞ்சின் அழுதது, கொடி காட்டுபவர் கறுப்புக் கொடியை நீட்டினார், டாக்டர் ஓரங்கட்டினார். தகடு மட்டம் என்றார். இரண்டாவது பந்தயத்தில் ஏழாவது சுற்று. வெயில் அதிகம் என்றார். மூன்றாவது பந்தயம் மேகமூட்டத்தில் நடந்தது, அதனால் ரோட்டில் மேடு இருக்கிறது என்றார். நாலாவதில் மைத்துனன் பின்னால் வந்து இடித்துவிட்டான் என்றார். மைத்துனன் அப்போது அரைச் சுற்றுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஐந்தாவதில் குழாய் இரண்டாகவே பிரிந்து ஒரு பாதி டிராக்கில் உருண்டது, பெட்ரோலில் கலப்படம் என்றார்.

"டாக்டர் வண்டியிலிருந்து ஏதோ விழுந்திருக்கு," என்று டிராக்கில் வர்ணனை சொல்லும் மைக்காரர் அறிவித்தார். "டாக்டர் விழலை. டாக்டர் விழலை. வண்டியிலதான் இருக்கார். கையை ஆட்டறார். திட்டறார்னு நினைக்கிறேன்."

ஒவ்வொரு முறையும் வெல்டர் ஒட்டுப் போட்டார். ஒவ்வொரு முறையும் டாக்டர் முன்னைவிடக் கனமான பட்டை வைத்து இறுக்கச் சொன்னார். குழாயில் தகட்டைவிட ஒட்டு அதிகமாகிவிட்டது.

ஐந்தாவது பந்தயம் முடிந்த மறுநாள் காலை, டாக்டரின் மனைவி நனைந்த காரின் இருக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈட்டுப் பிரிவில் இருக்கிறார். மக்கள் சொல்லும் காரணங்களைப் படித்து, நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

"என்னங்க, ஒரே சைலன்ஸருக்கு அஞ்சு தடவை அஞ்சு காரணம் சொல்லிட்டீங்க. எங்க ஆபீஸ்ல ஒரே ஆளு ரெண்டு காரணம் சொன்னாலே ஃபைலை மூடிடுவோம்."

"அது வந்து, டெக்னிக்கலா பாத்தா..."

"டெக்னிக்கலா என் கார் நனையுது. அடுத்த மாசம் கடைசி ரேஸ். நீங்க ஜெயிக்க வேணாம். கடைசியா வந்தாக்கூடச் சரி. ஓடி முடிச்சுட்டு வாங்க. முடிக்கலைன்னா திங்கக்கிழமை வண்டியை விக்கிறோம்."

"உன் தம்பி வண்டி?"

"அவன் அஞ்சு ரேஸையும் முடிச்சிருக்கான். அவன் மேல க்ளெய்ம் எதுவும் இல்லை."

டாக்டர் சிரித்துச் சமாளித்துவிட்டு கிளினிக்குக்குப் போனார். ஆனால் அன்று முழுக்க யாரிடமும் சைலன்ஸரைப் பற்றிப் பேசவில்லை என்று நர்ஸ் கவலையோடு சொன்னாள். வாரத்தில் ஆறு நாள் அவருடைய உலகம் ஒரு வாயின் அகலம்தான். அதிலும் பாதி இருட்டு. மாதத்தில் ஒரு பன்னிரண்டு நிமிடம் மட்டும் கண்ணுக்கு முன்னால் நீண்ட தார்ப்பாதை, காற்று, கைக்குள் உறுமும் கியர். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் யாரும் அவரிடம் வாயைத் திறப்பதில்லை. இதை அவர் மனைவியிடம் சொன்னதே கிடையாது. எஞ்சினின் குதிரைத் திறனைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தார்.

கடைசிப் பந்தய நாள். காலையில் ஒரு தகுதிப் பந்தயம், மதியம் மூன்று மணிக்கு இறுதிப் பந்தயம். டாக்டர் முந்தின வாரம்தான் புதுப் பிஸ்டன் போட்டிருந்தார். மூன்று ரூட் கெனால். சைலன்ஸருக்குக் கூடுதலாக இரண்டு பட்டை. இந்த முறை வண்டியே உடைந்தாலும் குழாய் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் என்று மைக்காரரிடம் பேட்டி கொடுத்தார்.

தகுதிப் பந்தயத்திலேயே, ஆறாவது சுற்றில், குழாய் உடைந்தது.

டாக்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெல்டரின் மரத்தடிக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. வேலி ஓரம் மடக்கு நாற்காலியில் மனைவி ஏதோ ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். அதுதான் பயமாக இருந்தது.

"ஒட்டிடுங்க," என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு பட்டை வெச்சு..."

வெல்டர் ஒட்டினார். ஆனால் வழக்கமான நக்கல் எதுவும் வரவில்லை. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டரே. காலையிலேர்ந்து லேசா விண்ணுனு..."

"வாயைத் திறங்க."

"வேணாம், தானா சரியாயிடும்."

"நெருப்பைக் கண்ணுக்கு முன்னால வெச்சு வேலை பாக்கறீங்க. என் விரலுக்குப் பயமா?"

"நெருப்பு ஊசி போடாது டாக்டரே."

டாக்டர் அவரை டயர் அடுக்கின்மேல் உட்கார வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, வாயைத் திறக்க வைத்தார். எஞ்சின் இடுக்கைப் பார்க்கப் பயன்பட்ட கை விளக்கு இப்போது கடைவாய்க்குள் வெளிச்சம் அடித்தது. ஒரு பல்லில் பாதி இல்லை.

"இது போச்சு. எடுக்கணும். அந்த இடத்துல வேற கட்டணும்."

வெல்டர் வாயை மூடி ஒரு நிமிடம் துக்கம் அனுஷ்டித்தார். பிறகு கேட்டார். "ஸ்க்ரூ மாதிரி ஒண்ணு எலும்புலயே முடுக்கி, மேல பல்லு வெக்கறாங்களாமே, அது போட்டுக்கவா? அசையவே அசையாதாமே. சொந்தப் பல்லைவிடக் கெட்டியா?"

தொழில் கேள்வி. டாக்டருக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது. வெல்டரின் தாடையை மறுபடி விரல்களால் திறந்து பிடித்துக்கொண்டு, பதினெட்டு வருடப் பழக்கத்தில் ஆரம்பித்தார்.

"போடலாம். ஆனா சொந்தப் பல்லு மாதிரி வராது. எல்லாரும் பல்லு எலும்போட ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நினைக்கறாங்க. தப்பு. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. நீங்க முறுக்கைக் கடிக்கறீங்க, பல்லு துளியூண்டு அமுங்கிக் குடுக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துளி அசைவுதான் பல்லைக் காப்பாத்துது. ஸ்க்ரூவுக்கு அந்தச் சவ்வு கிடையாது. இறுக்கிப் பிடிச்சுக்கும். அப்ப அதிர்ச்சி எங்க போகும்? நேரா மேல இருக்கிற பீங்கான்ல ஏறும். அதனாலதான் அதுல அடிக்கடி விரிசல்..."

அவர் நிறுத்தினார்.

தூரத்தில் யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். வெல்டர் வாய் திறந்தபடியே இருந்தார், அவர் தாடை இன்னும் டாக்டரின் கையில் இருந்தது. அவருடைய கண்கள் மட்டும் மெதுவாக நகர்ந்து, வண்டியில் இருந்த ஒட்டுக் குழாயைப் பார்த்தன. பிறகு டாக்டரைப் பார்த்தன. வாயில் விரல் இருக்கும் மனிதனால் சிரிக்க முடியாது என்று டாக்டர் நம்பியிருந்தார். முடிகிறது.

"ஆ... ஆ... அய ஆய்ய்யே," என்றார் வெல்டர்.

"பேசாதீங்க," என்றார் டாக்டர். கையை எடுத்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கையெழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருந்தது.

பிறகு அவர் வண்டியைத் தன் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், சுற்றிலும் ஒரு தார்ப்பாயைக் கட்டினார். யாரும் உள்ளே வரக் கூடாது, முக்கியமான எஞ்சின் வேலை நடக்கிறது என்று அறிவித்தார். பக்கத்து இடம் மைத்துனனுடையது. அவன் தன் ஸ்பிரிங் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சப்பாத்தி தின்றுகொண்டிருந்தான்.

"மாப்ள, உன் பெட்டி நடுவழியில கிடக்கு. யாராவது தடுக்கி விழுவாங்க. நான் எடுத்து ஓரமா வைக்கிறேன்."

"வைங்க அத்தான்."

ஓரம் என்பது தார்ப்பாய்க்கு உள்ளே இருந்தது. உள்ளேயிருந்து ரம்பம் அறுக்கும் சத்தம் இருபது நிமிடம் கேட்டது.

"அத்தான்," என்றான் மைத்துனன், தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல்.

ரம்பம் நின்றது. "என்ன?"

"ரப்பர் கட்டை பெட்டியில அடித்தட்டுல இருக்கு. சும்மா சொன்னேன். யாராவது கேட்டா தெரிஞ்சிருக்கட்டும்னு."

"யாரு கேக்கப் போறாங்க?"

"அதானே."

ரம்பம் மறுபடி தொடங்கியது.

மூன்று மணிக்குக் கொடி அசைந்தது. முதல் சுற்றிலேயே டாக்டருக்கு ஒரு சத்தம் கேட்டது. கடகட, கடகட. குழாய் ரப்பர்மேல் துள்ளிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அவர் வெறுத்த சத்தம். ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் திரும்பி, இருக்கிறதா என்று பார்த்தார். பார்த்ததில் இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது நேர்ப்பாதையில் இன்னொருவரும் போனார்.

ஆறாவது சுற்று வந்தது. மைக்காரர் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டாக்டர் ஆறாவது சுற்று... டாக்டர் போறார்... இன்னும் போறார்." ஏழு. எட்டு. ஒன்பதாவது சுற்றில் அவர் வளைவின் ஓரக்கட்டைமேல் ஏறி இறங்கினார். கொடி காட்டுபவர் பழக்கதோஷத்தில் கறுப்புக் கொடியைக் கையில் எடுத்தார், பிறகு கொஞ்சம் ஏமாற்றத்தோடு கீழே வைத்தார். வேலி ஓரம் மனைவியின் மடியில் இருந்த ஃபைல் வெகுநேரமாகப் பக்கம் திருப்பப்படவில்லை. பன்னிரண்டாவது சுற்றில் அது கீழே விழுந்தது, அவர் எழுந்து நின்று வேலிக் கம்பியைப் பிடித்திருந்தார். எதற்கு என்று கேட்டால் காரணம் சொல்லியிருக்க மாட்டார்.

பதினாலு சுற்றும் முடிந்தன. மைத்துனன் நாலாவது. டாக்டர் பதினோரு பேரில் ஒன்பதாவது. ஒரு கையைத் தூக்கி, எதிரே யாரும் இல்லாத பார்வையாளர் படிக்கட்டுகளைப் பார்த்து ஆட்டிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருவர் பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வந்தவர் என்பதை மைக்காரர் பெருந்தன்மையாக அறிவிக்காமல் விட்டார்.

"டாக்டர், ரகசியத்தைச் சொல்லுங்க," என்று மைக்கை நீட்டினார் அவர். "இந்தத் தடவை சைலன்ஸர் எப்படித் தாங்கிச்சு?"

டாக்டர் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "பாருங்க, பந்தயத்துக்குன்னே பிறந்த எஞ்சின் இது. தொடக்கத்துல கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஓட்டறவன் மன உறுதியைச் சோதிக்கும். நான் விட்டுக்குடுக்கலை. உறுதி, இறுக்கம், இது ரெண்டும் இருந்தா..."

கூட்டத்தில் யாரோ புரையேறியதுபோல் இருமினார்கள். வெல்டராக இருக்கலாம். மைத்துனன் மட்டும் கைதட்டினான்.

மனைவி வந்து முன்னால் நின்றார். "முடிச்சுட்டீங்க."

"முடிச்சுட்டேன்."

"அப்ப வண்டி கராஜ்லயே நிக்கட்டும்," என்றார். நகரப் போனவர் திரும்பி, "கையை எதுக்கு இப்படி ஆட்டிக்கிட்டே வந்தீங்க? மழையில கார் கண்ணாடி துடைக்கிற மாதிரி," என்று சேர்த்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை.

வீடு வந்து சேர்ந்தபோது ஐந்தரை மணி. மழை தூறத் தொடங்கியிருந்தது. கார் வெளியே நின்று நனைந்தது. மைத்துனன் குளிக்கப் போனான். டீ போட்டு வைத்துவிட்டு மனைவி டாக்டரைத் தேடினார், மாடியில் இல்லை. கராஜின் பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாக வெளிச்சம் வந்தது.

உள்ளே டாக்டர் தரையில் மண்டியிட்டிருந்தார். அன்று ஓடிய ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைக் கொக்கியால் இழுத்து எஞ்சின் வாயில் மாட்டினார். நன்றாகத்தான் இருந்தது பழையது, நீளம்கூட மாறவில்லை. இருந்தாலும் மாற்றினார். இரண்டாவதையும் மாட்டினார். அவிழாமல் இருக்க மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டி முனையை மடக்கிவிட்டார். பிறகு இரண்டு விரலால் குழாயைப் பிடித்து, கிளினிக்கில் செய்வதுபோலவே மென்மையாக அசைத்துப் பார்த்தார். கொஞ்சம் அசைந்தது. திருப்தியோ என்னவோ, மூக்கால் ஒரு பாட்டை முணுமுணுத்தார்.

மனைவி கதவிடுக்கை விட்டு நகர்ந்து, சமையலறைக்குப் போய் டீயை மறுபடி அடுப்பில் ஏற்றினார்.

டாக்டர் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்துக்கொண்டு, சேற்றில் உருண்ட எஞ்சின் நின்ற இடத்துக்குப் போய், மைத்துனன் வண்டிக்கும் மாட்டத் தொடங்கினார்.